கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொது விரிவுரை: மேடையில் ஒலிப்பது யாருடைய குரல்?

கொழும்பில் ஞாயிறு திருப்பலியின் முடிவில் வாசிக்கப்படும் அறிவித்தல்களிலும் பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும், கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனங்கள் நடத்தும் பொது விரிவுரைகள், கருத்தரங்குகள், நினைவுப் பேருரைகள் பற்றிய அழைப்புகள் இடம்பெறுவதுண்டு. அவற்றைப் பார்க்கும் தமிழ் வாசகர்களுக்குப் பொதுவாக மூன்று ஐயங்கள் எழுகின்றன. இது பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ இட்டுச்செல்லும் வகுப்பா? கத்தோலிக்கர் அல்லாதோர் போகலாமா? அங்கே பேசப்படுவது திருச்சபையின் நிலைப்பாடா, பேசுபவரின் சொந்தக் கருத்தா? முதலிரண்டுக்கும் விடை சுருக்கமானது. மூன்றாவது அப்படியல்ல. ஒரு விரிவுரை மண்டபத்தில் சொல்லப்பட்ட வாக்கியம் மறுநாள் "கத்தோலிக்கத் திருச்சபை கூறுகிறது" என்ற தலைப்புடன் செய்தியாவதற்கும், அதனால் தேவையற்ற மனக்கசப்பு உண்டாவதற்கும் அந்த மூன்றாம் கேள்வியில் உள்ள தெளிவின்மையே பெரும்பாலும் காரணமாகிறது.

பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் ஏற்பாடு

கற்பிக்கும் பொறுப்பை ஒரு நிறுவனமும் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் பொறுப்பை வேறொரு பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டில், கற்பிக்கும் நிறுவனமே பல்கலைக்கழகக் கல்லூரி எனப்பட்டது. இலங்கைக்கு இது புதிதல்ல. 1921இல் கொழும்பில் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தியது. அதுவும் மருத்துவக் கல்லூரியும் இணைந்தே 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் தோன்றிய வழியும் ஏறத்தாழ இதுவே. அயர்லாந்தின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஜோன் ஹென்றி நியூமனைத் தலைவராகக் கொண்டு 1854இல் டப்ளினில் திறக்கப்பட்டது. ஆனால் பட்டம் வழங்குவதற்கான அரச சாசனம் அதற்குக் கிடைக்கவில்லை. பின்னர் அது பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரோடு இயேசு சபையினரின் பொறுப்பில் இயங்கியபோது, அதன் மாணவர்கள் அயர்லாந்து அரச பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே தோற்றினார்கள். கொழும்பு 8, பொரளையில் உள்ள அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரி, நியூமனின் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டுச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1954இல், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பீட்டர் பிள்ளை அடிகளாரால் நிறுவப்பட்டது. அதற்கு முன் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியின் அதிபராக இருந்த அவர், திருச்சபையின் சமூகப் போதனையைப் பொதுமக்களிடம் எடுத்துச்செல்வதில் ஊக்கமாக உழைத்தவர். அரச பல்கலைக்கழகத்தில் இடங்கள் மிகச் சிலவாக இருந்த அக்காலத்தில், வேலை செய்துகொண்டே படிக்க விரும்பியவர்களுக்கு அத்தகைய கல்லூரி ஒரு மாற்றுவழியாயிற்று.

அரசாங்கத்தின் தொழிற்கல்வித் துறையிலும் இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் நிறுவனங்கள் இயங்குகின்றன. பெயர் ஒன்றானாலும் அவற்றுக்கும் இங்கே பேசப்படுவதற்கும் தொடர்பில்லை.

இந்த வரலாற்றில் பொது விரிவுரைக்கு ஒரு தனி இடம் உண்டு. நியூமன் தம்முடைய பல்கலைக்கழகம் திறக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1852 மே மாதத்தில், டப்ளினின் ரொட்டண்டா மண்டபத்தில் நகர மக்கள் முன்னிலையில் தொடர் விரிவுரைகளை நிகழ்த்தினார். பல்கலைக்கழகம் எதற்கு, அங்கே இறையியலுக்கு இடம் ஏன், அறிவை அறிவுக்காகவே தேடுவது தகுமா என்பன அவற்றின் பொருள்கள். மாணவர் ஒருவரும் சேராத, கட்டடமும் இல்லாத நிலையில் விரிவுரைதான் முதலில் வந்தது. பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லாத ஒரு நிறுவனம் தன்னைப் பல்கலைக்கழகம் என்று சமூகத்துக்குக் காட்டிக்கொள்ளக்கூடிய வழிகளில் இதுவே மலிவானதும் நேர்மையானதுமாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்கு வகைப் பேச்சு

அழைப்பிதழில் எந்தச் சொல் அச்சிடப்பட்டிருந்தாலும், இத்தகைய நிறுவனத்தின் கூரையின் கீழ் நிகழும் பேச்சு பெரும்பாலும் பின்வரும் நான்கில் ஒன்றாகவே இருக்கும்.

1. பாடநெறி விரிவுரை. பதிவுசெய்த மாணவர்களுக்கு மட்டும் உரியது. வரவு பதியப்படும், ஒப்படைகளும் பரீட்சையும் தொடரும்.

2. பொது விரிவுரை. ஒருவர் ஒரு பொருளில் தாம் செய்த ஆய்வைத் துறைசாராத மக்களுக்கும் விளங்கும்படி எடுத்துரைப்பது. பெரும்பாலும் கட்டணமில்லை. நினைவுப் பேருரையும் இவ்வகையே. ஆனால் அது மறைந்த ஒருவரின் பெயரால் நிகழ்வதால், பேச்சாளரை அழைப்பதிலேயே ஒரு மதிப்பளிப்பு அடங்கியிருக்கிறது. இந்த வேறுபாடு பின்னர் முக்கியமாகும்.

3. கருத்தரங்கு. பலர் கட்டுரை வாசித்து, ஒருவரையொருவர் மறுத்தும் திருத்தியும் உரையாடுவது. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாக வரலாற்றறிஞர் ரங்கே பெர்லினில் தம் மாணவர்களுடன் மூல ஆவணங்களை வைத்துக்கொண்டு நடத்திய பயிற்சிகளிலிருந்து, இன்றைய ஆய்வுக் கருத்தரங்கின் வடிவம் பரவியது. இங்கே கேட்பவர்களும் ஓரளவு ஆயத்தத்துடன் வருவார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

4. மறையுரை. திருப்பலியின்போது நற்செய்தியை விளக்கும் உரை. இது வழிபாட்டின் பகுதி. இதற்கிடையே எழுந்து எவரும் கேள்வி கேட்பதில்லை.

இலங்கையில் மூன்றாவதைப் பற்றி ஒரு தனிக் குழப்பமும் இருக்கிறது. "செமினார்" என்றவுடன் க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்கு முன்னர் பெரிய மண்டபங்களில் நூற்றுக்கணக்கான மாணவர்களை அமர்த்தி, வரக்கூடிய வினாக்களை விளக்கும் மீட்டல் வகுப்பே நம் பெற்றோரின் நினைவுக்கு வருகிறது. பரீட்சை நெருங்கும் நாட்களில் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்யும் "செமினார்" அதுதான். அதில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள். பல்கலைக்கழகக் கருத்தரங்கு அதற்கு நேர்மாறானது. அங்கே குறிப்பெடுப்பதோடு நின்றுவிடுபவர் பாதிப் பயனையே பெறுகிறார்.

கேள்வியிலிருந்து பிறந்த விரிவுரை

விரிவுரையையும் மறையுரையையும் தனித்தனிப் பணிகளாகப் பிரித்துவைக்கும் வழக்கம் அண்மையில் தோன்றியதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாரிசிலேயே இறையியல் ஆசிரியரின் கடமைகள் மூன்றாக வகுக்கப்பட்டன: நூலை வாசித்து விளக்குதல், வாதம் நடத்துதல், மறையுரை ஆற்றுதல். மூன்றையும் ஒரே ஆசிரியர் செய்தார். ஆனால் ஒன்றின் விதியை மற்றொன்றில் பயன்படுத்தவில்லை. மறையுரையில் அவர் திருச்சபையின் பெயரால் பேசினார். வாதத்தில் அவருடைய முடிவு அவர் காட்டும் நியாயத்தின் வலிமையிலேயே நின்றது.

இந்த வாதங்களில் இன்றைய பொது விரிவுரைக்கு மிக அண்மையானது ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்த்த ஞாயிற்றுக்கும் முந்திய காலங்களில் நிகழ்ந்தது. அப்போது மண்டபத்தில் இருக்கும் எவரும் எதைப் பற்றியும் கேட்கலாம். தலைப்பை ஆசிரியர் தெரிவுசெய்வதில்லை, சபையே தெரிவுசெய்தது. கேள்விகளும் எதிர்வாதங்களும் ஒரு நாள் நிகழும். பின்னர் இன்னொரு நாளில் ஆசிரியர் அவை அனைத்தையும் ஒழுங்குபடுத்தித் தம் தீர்வைச் சொல்வார். ஆயத்தம் செய்ய இயலாத இந்தச் சோதனையைப் பல ஆசிரியர்கள் தவிர்த்துக்கொண்டதாகக் கூறுவர். பொரளைக் கல்லூரி எவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்தப் புனித தோமஸ் அக்குவைனாஸ் தவிர்க்கவில்லை. 1256 முதல் 1259 வரையிலும் 1268 முதல் 1272 வரையிலும் பாரிசில் ஆசிரியராக இருந்த காலங்களில் அவர் நடத்திய இத்தகைய வாதங்கள் பன்னிரண்டு தொகுதிகளாக எஞ்சியுள்ளன. அவற்றில் கடவுளின் இயல்பு பற்றிய நுட்பமான கேள்விகளும் உண்டு. மது, அரசன், பெண், உண்மை ஆகியவற்றில் எது அதிக வலிமையுடையது என்ற, விளையாட்டுத்தனமாகத் தோன்றும் கேள்வியும் உண்டு. இரண்டுக்கும் அவர் பொறுமையாகவே விடையளித்தார்.

அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று நம் பொருளின் மையத்தைத் தொடுகிறது. இறையியல் வினாக்களை ஆசிரியர் தீர்க்கும்போது மேற்கோள்களின் அதிகாரத்தைச் சார்ந்து தீர்க்க வேண்டுமா, நியாயத்தைச் சார்ந்து தீர்க்க வேண்டுமா என்பதே அது. வாதத்தின் நோக்கத்தைப் பொறுத்தது என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒன்று அப்படித்தானா என்ற ஐயத்தை நீக்குவது நோக்கமானால், எதிரே இருப்பவர் ஏற்கும் அதிகார நூல்களைப் பயன்படுத்த வேண்டும். அது எவ்வாறு உண்மையாகிறது என்று கற்பிப்பது நோக்கமானால், உண்மையின் வேரைத் துருவும் நியாயங்களைக் காட்ட வேண்டும். வெறும் அதிகாரத்தைக் கொண்டு ஆசிரியர் முடித்துவிட்டால், விடயம் அப்படித்தான் என்பது மாணவனுக்கு உறுதியாகும். ஆனால் அவன் எந்த அறிவையும் பெறாமல் வெறுமையாகத் திரும்பிப் போவான் என்பது அவருடைய விடையின் சாரம்.

கத்தோலிக்க நிறுவனத்தில் நிகழும் பொது விரிவுரையை எடைபோட இதைவிடச் சிறந்த அளவுகோல் தேவையில்லை. பேச்சாளர் அருட்தந்தையா, பேராசிரியரா, முன்வரிசையில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பவை இரண்டாம் பட்சம். வந்தவர்களுக்குக் கேள்வி கேட்க இடம் கொடுக்கப்பட்டதா, கேள்விக்கு நியாயத்தால் விடை சொல்லப்பட்டதா என்பதே அந்த நிகழ்வு விரிவுரையா, வேறொன்றா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆனால் பழைய பாரிசை அளவுக்கு மீறி அழகுபடுத்தவும் கூடாது. தோமஸ் இறந்து மூன்று ஆண்டுகளில், 1277 மார்ச் 7 அன்று, பாரிஸ் ஆயர் தாம்பியே பல்கலைக்கழகத்தில் விவாதிக்கப்பட்ட 219 கூற்றுகளைக் கண்டித்தார். அவற்றில் சில தோமசின் கருத்துகளையும் தொட்டன. 1323இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பின்னர், 1325இல், அவரைத் தொட்ட அளவில் அந்தக் கண்டனம் நீக்கப்பட்டது. ஆயருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இழுபறி இந்த நிறுவன வகையோடு கூடவே பிறந்தது. அதனால், இன்று அப்படி ஒன்று நிகழும்போது அதை நிறுவனத்தின் சீரழிவாகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

நம் மண்ணில் இதற்கு வேறொரு பின்னணியும் சேர்கிறது. சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடுவதும், பகைவரிடத்தும் கலகம் விளைக்காது விலக வேண்டும் என்ற அறிவுறுத்தலும் மணிமேகலையின் விழா அறிவிப்பிலேயே இடம்பெறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847இல் தொடங்கிய பிரசங்கங்களும், 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் பௌத்த துறவிக்கும் புரட்டஸ்தாந்து போதகருக்கும் இடையே நிகழ்ந்த பெருவிவாதமும் சமய மேடையை ஒரு களமாக மாற்றின. சமயம் பற்றிய பொதுக்கூட்டம் என்றால் அங்கே ஒரு தரப்பு வெல்ல வேண்டும், மற்றது தோற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இன்றும் நம்மிடம் முற்றாக அகலவில்லை. விரிவுரையை அந்தக் கண்ணோடு பார்ப்பவருக்கு, பேச்சாளர் "இதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன" என்று சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்வதாகத் தெரியும்.

"கத்தோலிக்க" என்ற அடைமொழி சட்டப்படி எதைச் சேர்க்கிறது?

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 807 முதல் 814 வரையான விதிகள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. 1990 ஆகஸ்ட் 15 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட "எக்ஸ் கோர்தே எக்லேசியே" என்ற திருத்தூது அமைப்பாணை அவற்றை விரிவாக்குகிறது. பொது விரிவுரைகளைப் பொறுத்தவரை இவற்றிலிருந்து கவனிக்க வேண்டியவை பின்வருவன.

1. தகுதிவாய்ந்த திருச்சபை அதிகாரியின் இசைவின்றி எந்தப் பல்கலைக்கழகமும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது (விதி 808). ஆகவே பெயர் ஒரு பொறுப்பு. அதன் மேல் ஆயருக்கு உரிமை உண்டு.

2. இறையியல் பாடங்களைக் கற்பிப்பவர் திருச்சபை அதிகாரியின் ஆணையைப் பெற்றிருக்க வேண்டும் (விதி 812). இது கற்பிக்கும் பதவிக்குரிய நிபந்தனை. சூழலியல் பற்றியோ வங்கித்துறை பற்றியோ ஒருநாள் பேச அழைக்கப்பட்ட விருந்தினருக்கு இது பொருந்தாது.

3. ஆய்வுச் சுதந்திரம் ஏற்கப்படுகிறது. ஆனால் அது உண்மையின் எல்லைக்கும் பொதுநன்மைக்கும் உட்பட்டதாக, தனிமனிதரின் உரிமைகளும் சமூகத்தின் உரிமைகளும் காக்கப்படும் வகையில் அமைய வேண்டும் என்று அமைப்பாணை கூறுகிறது. இந்த எல்லையை யார், எப்போது கீறுவது என்பதில்தான் நடைமுறைத் தகராறுகள் எல்லாம் எழுகின்றன.

4. பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வமான செயல் எதுவும் அதன் கத்தோலிக்க அடையாளத்துக்கு இசைவாக இருக்க வேண்டும். அதே வேளையில் அங்குள்ள ஒவ்வொருவரின் மனச்சாட்சிச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும்.

நான்காவது புள்ளியே மிக நுட்பமானது. விருந்தினர் ஒருவரின் விரிவுரை நிறுவனத்தின் "அதிகாரபூர்வமான செயல்" ஆகுமா? அழைத்தது நிறுவனம், பேசியது விருந்தினர். அழைத்ததற்கு நிறுவனமும் பேசியதற்குப் பேச்சாளரும் பொறுப்பு என்று பிரிப்பதே நியாயமான வாசிப்பு. கத்தோலிக்கர் அல்லாதோர் வரலாமா என்ற ஐயத்துக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் வேறு திருச்சபைகளையும் வேறு சமயங்களையும் சேர்ந்தவர்களும், சமய நம்பிக்கையற்றவர்களும் ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் இருப்பதை அமைப்பாணை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது. பொது விரிவுரைக்கு வருபவரிடம் சமயம் கேட்க முகாந்திரமே இல்லை.

குழப்பம் முற்றிய மூன்று நிகழ்வுகள்

2006 செப்டெம்பர் 12 அன்று திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர், தாம் முன்னர் பேராசிரியராக இருந்த ரேகன்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் நம்பிக்கையும் பகுத்தறிவும் பற்றி உரையாற்றினார். அவ்வுரையில் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மனுவேல் இஸ்லாத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான வாக்கியம் ஒன்றை மேற்கோள் காட்டினார். ஒரு பேராசிரியர் தம் வகுப்பில் அதைக் காட்டியிருந்தால் அடிக்குறிப்பொன்றோடு முடிந்திருக்கும். பேசியவர் திருத்தந்தை என்பதால் பல நாடுகளில் கொந்தளிப்பு எழுந்தது. அந்த மேற்கோள் தம் சொந்தக் கருத்தை வெளிப்படுத்துவதல்ல என்று அவர் சில நாட்களுக்குள் பகிரங்கமாக விளக்க வேண்டியதாயிற்று. விரிவுரை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பேச்சாளர் மட்டும் தீர்மானித்துவிட முடியாது, அவர் வகிக்கும் பதவியும் கூடவே பேசும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. நம் ஊரிலும் ஓர் ஆயரோ பேராயரோ பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கல்வியாளராகப் பேச நினைத்தாலும் கேட்பவர் அவரை ஆயராகவே கேட்பார்.

இரண்டாவது நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. கத்தோலிக்க நிறுவனங்கள் திருச்சபையின் அடிப்படை ஒழுக்கப் போதனைகளுக்கு எதிராகச் செயற்படுவோருக்கு விருதுகளோ கௌரவங்களோ மேடைகளோ வழங்கலாகாது என்று அந்நாட்டு ஆயர்கள் 2004இல் அறிவித்திருந்தனர். 2009 மே 17 அன்று நோட்ரடேம் பல்கலைக்கழகம் ஜனாதிபதி ஒபாமாவைப் பட்டமளிப்பு விழா உரைக்கு அழைத்து, கௌரவ கலாநிதிப் பட்டமும் வழங்கியது. கருக்கலைப்பு பற்றிய அவருடைய கொள்கையைக் காரணம் காட்டி, உள்ளூர் ஆயர் விழாவைப் புறக்கணித்தார். அவரோடு அந்தப் பொருளிலேயே ஒரு கருத்தரங்கு நடத்தியிருந்தால் எதிர்ப்பு இந்த அளவுக்கு எழுந்திருக்குமா என்பது ஐயமே. கௌரவமும் மேடையும் ஒன்றாகச் சேரும்போது, கேள்விக்கு இடமிருப்பதில்லை. நினைவுப் பேருரைகளுக்குப் பேச்சாளரைத் தெரிவுசெய்வதில் நிறுவனங்கள் கூடுதல் எச்சரிக்கை காட்டுவதற்கும் காரணம் இதுவே.

மூன்றாவது நம் கொழும்பைச் சேர்ந்தது. பீட்டர் பிள்ளை அடிகளாருக்குப் பின்னர் 1964 முதல் 1971 வரை அக்குவைனாஸ் கல்லூரியின் தலைவராக இருந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார், 1971இல் சமூகத்துக்கும் சமயத்துக்குமான மையத்தை நிறுவினார். மரியாவைப் பற்றி அவர் 1990இல் வெளியிட்ட நூல் தொடர்பில், 1997 ஜனவரி 2 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அவரைத் திருச்சபை உறவிலிருந்து விலக்கியதாக அறிவித்தது. மறுஆண்டு ஜனவரியில் அது நீக்கப்பட்டு, அவர் மீண்டும் ஏற்கப்பட்டார். இந்த வழக்கு கல்லூரி மேடையில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக எழுந்ததல்ல. எழுதி அச்சிட்டு, திருத்தக் கேட்டபோது மறுத்த கருத்துகளுக்காக எழுந்தது. வாதத்தில் முன்வைக்கப்படும் கூற்றும் நிலையான போதனையாக வலியுறுத்தப்படும் கூற்றும் திருச்சபைச் சட்டத்தின் பார்வையில் ஒரே எடை உடையவை அல்ல. ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் முன்னாள் தலைவர் என்பதால் அவருடைய கருத்துகள் அனைத்தும் அந்தக் கல்லூரியின் கருத்துகளாகிவிடவும் இல்லை.

சான்றிதழும் நாட்டின் சட்டமும்

இலங்கையில் பட்டம் வழங்கும் அதிகாரம் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் வழி வருகிறது. அரசு சாராத நிறுவனம் ஒன்று அச்சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ், குறிப்பிட்ட பட்டத்துக்கு, பட்டம் வழங்கும் நிறுவனமாக அங்கீகரிக்கப்பட வேண்டும். அங்கீகாரம் ஒவ்வொரு பட்டநெறிக்கும் தனித்தனியாக உரியது. நிறுவனத்தின் பெயரில் "பல்கலைக்கழக" என்ற சொல் இருப்பதே அந்த அங்கீகாரம் ஆகிவிடாது.

பொது விரிவுரைக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் தொடர்பே இல்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி (கிரெடிட்) என்பது ஐம்பது மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். அதில் வகுப்பும் சொந்தப் படிப்பும் மதிப்பீடும் சேரும். இரண்டு மணித்தியால விரிவுரைகள் இருபத்தைந்துக்குச் சென்றாலும், மதிப்பீடு இல்லாதவரை ஒரு புள்ளியும் சேராது. வாசலில் வழங்கப்படும் பங்கேற்புச் சான்றிதழ் வந்திருந்ததற்கான சான்று மட்டுமே. வேலைக்கான விண்ணப்பத்தில் அதைத் தகைமைகளின் வரிசையில் சேர்ப்பது விண்ணப்பதாரருக்கே தீங்காக முடியலாம்.

நாட்டின் பொதுச் சட்டம் விரிவுரை மண்டபத்தின் வாசலில் நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சுச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தருகிறது. சமய உணர்வுகளைப் புண்படுத்தும் நோக்குடன் பேசுவதைத் தண்டனைச் சட்டக்கோவையும், சமயப் பகையைத் தூண்டுவதை 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் குற்றமாக்குகின்றன. பிற சமயங்களைப் பற்றிய கருத்தரங்கை நடத்துபவர்கள் இவற்றை அறிந்தே நடத்துகிறார்கள்.

தமிழில் கேட்கப்படும் கேள்வி

கொழும்பின் தமிழ் வாசகருக்கு எஞ்சியிருக்கும் நடைமுறைத் தடை மொழியே. உயர்கல்விசார் பொது விரிவுரைகள் இங்கே பெரும்பாலும் ஆங்கிலத்தில், சில வேளைகளில் சிங்களத்தில் நிகழ்கின்றன. கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ வருபவர் விரிவுரையை ஓரளவு விளங்கிக்கொள்வார். கேள்வி கேட்கும் நேரத்தில் மௌனமாகிவிடுவார். விரிவுரையின் தன்மையையே கேள்விதான் தீர்மானிக்கிறது என்றால், அந்த மௌனம் சிறிய இழப்பல்ல.

இதற்கு நாட்டின் கத்தோலிக்க மரபிலேயே முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இல் பிறந்து, கொழும்பு புனித பெர்னார்ட் குருத்துவக் கல்லூரியிலும் உரோமையிலும் பயின்ற தனிநாயகம் அடிகளார், குருவாக இருந்தபடியே தமிழியலைப் பல்கலைக்கழக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைவதற்கு முன்னின்றார். அந்த மேடைகளில் அவர் சங்க இலக்கியத்தைப் பற்றிப் பேசியபோது, திருச்சபையின் நிலைப்பாட்டை அறிவிக்கிறார் என்று எவரும் கொள்ளவில்லை. அவருடைய சான்றுகள் சரியா என்றே அறிஞர்கள் பார்த்தார்கள்.

தமிழில் நடைபெறும் நம் கூட்டங்களுக்கோ வேறொரு குறை. குத்துவிளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை போர்த்தல், நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரல் நீளும்போது, முதலில் வெட்டப்படுவது வினாவுக்குரிய நேரமே. "நேரம் போதாமையால்" என்ற அறிவிப்போடு சபை கலைந்துவிடும். மொழி நம்முடையதாக இருந்தும் கேள்விக்கு இடமில்லாமல் போவது ஆங்கில மண்டபத்தின் மௌனத்தைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல.

செய்யக்கூடியவை எளியவை, பெரும் செலவும் பிடிப்பதில்லை. அழைப்பிதழிலேயே விரிவுரைக்கும் வினாவுக்கும் உரிய நேரத்தைத் தனித்தனியே அச்சிடலாம். உரையின் சுருக்கத்தை மூன்று மொழிகளிலும் ஒரு பக்கத்தில் முன்கூட்டியே வழங்கலாம். கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கச் சிறு தாள்களை இருக்கைகளில் வைத்து, நெறியாளரின் பக்கத்தில் இருமொழி அறிந்த ஒருவரை அமர்த்தலாம். அழைப்பைப் பெறுபவர் தம் பங்குக்கு, இருக்கையைப் பதிவுசெய்யத் தொலைபேசியில் பேசும்போதே, கேள்விகள் ஏற்கப்படுமா, தமிழில் கேட்கலாமா என்று வினவிவிடலாம். இல்லை என்ற விடை வந்தால், அங்கே காத்திருப்பது என்ன வகைப் பேச்சு என்பது வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.